ஒரே சொல்லில் முறிந்த சிறுவயது நட்பை எப்படி அணுகுவது?

சிறுவயதிலிருந்து கூடவே வளர்ந்த நண்பரிடம் ஒருநாள் சொல்லக் கூடாத ஒன்றைச் சொல்லிவிட்டு, அதன்பிறகு அவர் பேச்சை முற்றிலும் நிறுத்திக்கொண்ட நிலையில் தவிப்பவர்களுக்காகவே இந்த வழிகாட்டி முதன்மையாக எழுதப்படுகிறது. அத்தகைய சொல்லைக் கேட்க நேர்ந்தவர்களுக்கும், தம் பிள்ளையின் நட்பு இவ்வாறு உடைவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெற்றோருக்கும் உரிய குறிப்புகள் பிற்பகுதியில் உள்ளன. மாதக்கணக்கில் தொடரும் மிரட்டலும், பலர் சேர்ந்து ஒருவரை ஒதுக்கிவைப்பதும் வேறு வகைச் சிக்கல்கள்; இங்கே சொல்லப்படும் வழிகள் அவற்றுக்குப் பொருந்தா.

சொல் எதைத் தொட்டது என்று முதலில் கண்டறியுங்கள்

மன்னிப்புக் கேட்க நினைப்பவர்களில் பலர் செய்யும் முதல் பிழை, சொல்லின் கடுமையை அளந்துபார்ப்பது. "இதைவிட மோசமாகவெல்லாம் திட்டிக்கொண்டிருக்கிறோமே, அப்போதெல்லாம் வராத கோபம் இப்போது மட்டும் ஏன்?" என்ற வியப்பு அதிலிருந்துதான் பிறக்கிறது. நெருங்கிய நண்பர்கள் ஒருவரையொருவர் அழைத்துக்கொள்ளும் வசைச் சொற்கள் வெளியாருக்கு அதிர்ச்சியாகவும் அவர்களுக்குச் செல்லமாகவும் இருப்பது வழக்கம். அந்தச் சொற்கள் யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும். ஆகவே யாரையும் குறிப்பாகத் தைப்பதில்லை. நட்பை முறிக்கும் சொல் பெரும்பாலும் அவற்றைவிடச் சாதுவாகத்தான் இருக்கும். ஆனால் அது அந்த ஒருவருக்கு மட்டுமே பொருந்தக்கூடியது. அவரைப் பற்றி உங்களுக்கு மட்டும் தெரிந்த ஏதோ ஒன்றிலிருந்து எடுக்கப்பட்டது.

தொடக்கப்பள்ளி நாட்களிலிருந்து ஒன்றாகத் திரிந்த இருவரை எண்ணிக்கொள்வோம். ஒருவனுடைய வீட்டில் ஓயாத பணத்தட்டுப்பாடு. மற்றவன் அதை அறிந்தவன். கேட்காமலேயே அவனுக்கும் சேர்த்துச் செலவு செய்வதை வழக்கமாக்கிக்கொண்டவன். இருவருக்கும் 17 வயதாகும்போது, நான்கு பேர் முன்னால், ஒன்றுமில்லாத விஷயத்துக்கு நடந்த வாக்குவாதத்தில், செலவு செய்து வந்தவன் மற்றவனைப் பார்த்து "ஓசி" என்று சொல்லிவிடுகிறான். சொன்னவனுக்கு அது அந்த மாலையோடு முடிந்துபோன பேச்சு. கேட்டவன் மனத்தில் எழும் கேள்வியோ வேறு: "இத்தனை வருடமும் இவன் என்னை இப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தானா?" அந்தக் கேள்வி வந்தபின், அவன் வாங்கிக்கொண்ட ஒவ்வொரு சிறு பொருளும், ஒன்றாகப் போய்வந்த ஒவ்வொரு இடமும் நினைவில் வந்து நின்று, அன்று இருந்த அர்த்தத்தை இழந்து வேறு அர்த்தத்தை ஏற்கத் தொடங்குகிறது. அன்பு என்று எண்ணியிருந்தது தருமமாகத் தெரிகிறது. தான் சமமாக நின்றதாக நம்பிய இடத்தில் கையேந்தி நின்றதாகத் தோன்றுகிறது.

சொல் புண்படுத்துவதோடு நின்றிருந்தால், காலப்போக்கில் ஆறியிருக்கும். அது பழைய நாட்களையும் சேர்த்துக் கெடுத்துவிடுவதால்தான் பத்து வருட நட்பு பத்து நொடியில் முடிகிறது. எனவே நீங்கள் பதில் சொல்ல வேண்டியது அந்த மாலையைப் பற்றி மட்டுமன்று, அந்த வருடங்களைப் பற்றியும்தான். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால், கீழே சொல்லப்படுபவற்றில் பாதியை நீங்களே ஊகித்துவிடலாம்.

தனியாக உட்கார்ந்து சிலவற்றை எண்ணிப்பாருங்கள். அந்தச் சொல்லுக்கு அடிப்படையான செய்தியை அவரே உங்களிடம் நம்பிச் சொன்னாரா, அல்லது அவர் வீட்டுக்குள் வந்துபோகும் உரிமையால் நீங்களாகப் பார்த்துத் தெரிந்துகொண்டதா? அவரே சொன்னதென்றால் நீங்கள் செய்தது புண்படுத்தல் மட்டுமன்று, நம்பிக்கை மீறலும்கூட. மன்னிப்பில் அதைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். சொல்லை வேறு யார் கேட்டார்கள்? அவர்களில் யாருக்கு அதன் பின்னணி தெரியாது? கடைசியாக, அந்தச் சொல்லை அவர் எந்தெந்தப் பழைய நாட்களோடு இணைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார்? இந்தக் கடைசிக் கேள்விக்குச் சரியான விடை உங்களைத் தவிர வேறு எவராலும் சொல்ல முடியாது.

சிறுவயது நட்பில் இது ஏன் இவ்வளவு கடுமையாகிறது?

ஏறத்தாழ 8 வயதுக்கும் 12 வயதுக்கும் இடைப்பட்ட பருவத்தில் அமையும் உற்ற நட்பை அமெரிக்க உளமருத்துவர் ஹாரி ஸ்டாக் சல்லிவன் தனிச்சிறப்புடையதாகக் கருதினார். தன்னுடைய நலத்துக்கு நிகராக இன்னொருவருடைய நலமும் முக்கியம் என்ற உணர்வு பெற்றோர் வட்டத்துக்கு வெளியே குழந்தைக்கு அப்போதுதான் முதன்முதலாகத் தோன்றுகிறது என்பது அவருடைய கருத்து. அந்த வயதில் எதை மறைக்க வேண்டும் என்ற அறிவு இன்னும் முதிர்ந்திருக்காது. அப்பாவின் குடி, அம்மாவின் அழுகை, படுக்கையை நனைக்கும் பழக்கம், எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறுவது என்று பிற்காலத்தில் வாழ்க்கைத் துணையிடம்கூடச் சொல்லத் தயங்கும் செய்திகள் அந்த நண்பரிடம் இயல்பாகப் போய்ச் சேர்ந்திருக்கும். வளர்ந்தபின் கிடைக்கும் நண்பர்களிடம் இவ்வளவு கூரான பொருட்கள் இருப்பதில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. அதை யாரும் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. கணவன் மனைவி பிணங்கினாலும் உடன்பிறந்தவர்கள் பிணங்கினாலும் சேர்த்துவைக்க உறவினர் வருவார்கள். ஏதேனும் ஒரு நல்லது கெட்டதில் ஒரே கூரையின்கீழ் நிற்கவேண்டியும் வரும். நட்புக்கு அந்தக் கட்டாயம் எதுவும் இல்லை. ஒருவர் விலகிவிட்டால், மீண்டும் சந்திப்பதற்கான சூழலே அமையாமல் போகலாம். தானாகச் சரியாகிவிடும் என்று காத்திருப்பது குடும்பத்தில் சில சமயம் பலிக்கும். நட்பில் அது பலிப்பது அரிது.

மன்னிப்புக் கேட்பதற்கு முன்

ஒரு தாளில் நடந்ததை உங்கள் பார்வையில் எழுதுங்கள். பிறகு அதையே உங்கள் நண்பர் எழுதுவதாக எண்ணி இன்னொரு முறை எழுதுங்கள். இது வீண்வேலை போலத் தோன்றலாம். ஆனால் 1990இல் உளவியலாளர் ராய் பாமெய்ஸ்டரும் அவருடைய சக ஆய்வாளர்களும், தாம் பிறரைக் கோபப்படுத்திய நிகழ்ச்சி ஒன்றையும் பிறர் தம்மைக் கோபப்படுத்திய நிகழ்ச்சி ஒன்றையும் எழுதும்படி பலரிடம் கேட்டார்கள். எழுதியவர்கள் ஒரே ஆட்களாக இருந்தும் இரு கதைகளும் வெவ்வேறு அச்சில் வார்த்தவை போல இருந்தன. தவறு செய்தவராக எழுதும்போது அது தனித்து நின்று முடிந்துபோன நிகழ்ச்சியாகவும், அதற்குத் தக்க சூழ்நிலைக் காரணங்கள் இருந்ததாகவும் எழுதினார்கள். பாதிக்கப்பட்டவராக எழுதும்போது அதற்கு முன்கதையும் நீண்ட பின்விளைவும் இருந்தன, செய்தவருடைய நோக்கமோ புரியாததாகவே இருந்தது. நீங்கள் எழுதும் முதல் தாளும் அந்த முதல் வகையில்தான் அமையும். இரண்டாவது தாள் கைக்கு வரும்வரை மன்னிப்புக் கேட்கப் போகாமலிருப்பது நல்லது.

எழுதியதைப் படித்துப் பார்த்துச் சில வாக்கியங்களை அடித்துவிடுங்கள். "விளையாட்டுக்குத்தான் சொன்னேன்" என்பதை நண்பர் நம்பமாட்டார். நம்பினால் அது இன்னும் மோசம், ஏனெனில் அவருடைய வலி உங்களுக்கு விளையாட்டுப் பொருள் என்று ஆகிவிடும். "நீ தவறாக எடுத்துக்கொண்டாய்" என்பது குற்றத்தை அவர் பக்கம் தள்ளுகிறது. "ஒரு சொல்லுக்காகவா இவ்வளவும்?" என்பதை எந்த வடிவத்திலும் சொல்லக் கூடாது.

"கோபத்தில் வாய்தவறி வந்துவிட்டது" என்பதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது பொய்யும் அன்று, போதுமானதும் அன்று. கோபத்தில்தான் உண்மை வெளிவரும் என்பது பரவலான நம்பிக்கை. ஆகவே நீங்கள் கோபத்தைக் காரணம் காட்டும்போது, உள்ளே இருந்ததுதான் வெளியே வந்தது என்ற அவருடைய சந்தேகத்தை நீங்களே உறுதிசெய்கிறீர்கள். இங்கே உங்களிடம் நீங்களே நேர்மையாக இருக்க வேண்டும். அந்தச் சொல் உங்கள் உள்ளத்தில் முன்பே இருந்ததா? இல்லையென்றால், அது எங்கிருந்து வந்தது என்று சொல்லுங்கள்: வேறொரு விஷயத்தில் எரிச்சல் இருந்தது, அதை வெளிப்படையாகச் சொல்லத் துணிவில்லாமல், எதைச் சொன்னால் உடனே வலிக்கும் என்று தெரிந்ததால் அதை எடுத்தேன் என்பது பெரும்பாலும் உண்மையாக இருக்கும், கேட்பவருக்கு அது புரியவும் செய்யும். இருந்ததென்றால், அதாவது செலவு செய்தவனுக்குச் சில நேரங்களில் மனக்குறை உண்மையிலேயே இருந்ததென்றால், இருக்கவே இல்லை என்று சாதிக்க வேண்டாம். அது எப்போது, எதனால் வந்தது, எவ்வளவு சிறிது என்பதை ஒளிக்காமல் சொல்வதே மேல். சிறுவயது முதல் உங்கள் முகத்தைப் பார்த்தவரிடம் பொய் நெடுநேரம் நிற்காது. பத்து வருடத்தில் சில நாட்கள் மனக்குறை இருந்தது என்ற உண்மை, பத்து வருடமும் அப்படித்தான் என்ற அவருடைய அச்சத்தைவிட எவ்வளவோ தாங்கக்கூடியது.

எப்போது, எந்த வழியாக

அதே நாள் இரவில் அனுப்பப்படும் மன்னிப்பு பெரும்பாலும் அனுப்புபவருடைய குற்றவுணர்வைத் தணிப்பதற்காகவே எழுதப்படுகிறது. சிந்தியா ஃபிரான்ட்ஸும் கோர்ட்னி பென்னிக்சனும் 2005இல் வெளியிட்ட ஆய்வில், சற்றுத் தாமதமாக வரும் மன்னிப்பு உடனே வருவதைவிட நன்றாகப் பலித்தது. தன்னுடைய தரப்பு கேட்கப்பட்டது, புரிந்துகொள்ளப்பட்டது என்று பாதிக்கப்பட்டவர் உணர அதில் இடமிருந்ததே காரணம். இதைச் சாக்காகக் கொண்டு வருடக்கணக்கில் தள்ளிப்போடுவதும் தவறு. சொன்ன அன்றே "நான் சொன்னது தவறு, அதைப் பற்றி நீ என்ன சொன்னாலும் கேட்கிறேன்" என்று ஒரே வரி சொல்லிவிட்டு, முழுமையான மன்னிப்பைச் சில நாட்கள் கழித்துக் கேட்பது நடுவழியாக அமையும்.

நேரில் பேச அவர் இசைந்தால் நேரில் பேசுங்கள். அவர் வீட்டு வாசலில் அறிவிப்பின்றிப் போய் நிற்க வேண்டாம். உங்கள் அழுகையைக் கண்டு மன்னிக்க வேண்டிய கட்டாயத்தை அது உண்டாக்கும். எழுத்தில்தான் முடியும் என்றால் கடிதமோ நீண்ட மின்னஞ்சலோ நல்லது. எதில் எழுதினாலும் பழைய கேலியையும் குறும்பையும் கலக்காதீர்கள். ஜஸ்டின் க்ரூகரும் மற்றவர்களும் 2005இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், தாம் மின்னஞ்சலில் எழுதியது கேலியா அல்லவா என்பதைப் பெறுபவர்கள் நூற்றுக்கு 78 முறை சரியாகப் புரிந்துகொள்வார்கள் என்று எழுதியவர்கள் கணித்தார்கள். உண்மையில் புரிந்துகொள்ளப்பட்டது 56 முறைதான், கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தாலே 50 முறை சரியாகிவிடும் என்ற நிலையில். உறவு நன்றாக இருக்கும்போதே இப்படியென்றால், முறிந்திருக்கும்போது கேலி எப்படிப் படிக்கப்படும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

மன்னிப்பில் என்ன இருக்க வேண்டும்? ராய் லெவிக்கியும் வேறு இரு ஆய்வாளர்களும் 2016இல் வெளியிட்ட ஆய்வில் மன்னிப்பின் ஆறு கூறுகளை 755 பேரிடம் சோதித்தார்கள். பொறுப்பை ஏற்றுக்கொள்வதற்கு முதலிடமும், நேர்ந்ததைச் சரிசெய்ய முன்வருவதற்கு அடுத்த இடமும், "என்னை மன்னித்துவிடு" என்ற வேண்டுகோளுக்குக் கடைசி இடமும் கிடைத்தன. அந்தச் சோதனை பணிச்சூழல் ஒன்றை வைத்துச் செய்யப்பட்டது. நட்புக்கு அதை அப்படியே பெயர்த்து வைக்க முடியாது. ஆயினும் கடைசி இடம் பற்றிய முடிவு இங்கே இன்னும் வலுவாகப் பொருந்தும் என்பது என் எண்ணம். மன்னிக்கச் சொல்வது, காயப்பட்டவரிடம் இன்னொரு வேலையை ஒப்படைப்பது.

மேலே சொன்ன எடுத்துக்காட்டில், செலவு செய்தவன் இவ்வாறு எழுதலாம்:

"அன்றைக்கு எல்லோர் முன்னாலும் உன்னை ஓசி என்று சொன்னேன். சொன்னது நான்தான், வேறு யாரும் காரணமில்லை. உன் வீட்டு நிலைமை எனக்குத் தெரியும் என்பதால்தான் அப்படிச் சொல்ல முடிந்தது. தெரிந்துவைத்திருந்ததை உனக்கு எதிராகவே எடுத்தேன். நாம் சேர்ந்து சுற்றிய வருடங்களில் நான் கணக்குப் பார்த்ததில்லை. நீ கூட இல்லாவிட்டால் அந்த இடங்களுக்கெல்லாம் நான் போயிருக்கவே மாட்டேன். இந்தச் சில மாதங்களாக நீ புது நண்பர்களோடு மட்டும் இருக்கிறாய் என்று எனக்குப் பொறாமை இருந்தது. அதைச் சொல்ல வெட்கப்பட்டு இதைச் சொன்னேன். அங்கே இருந்தவர்களிடம் நான் சொன்னது தவறு என்று சொல்ல விரும்புகிறேன். நீ வேண்டாம் என்றால் அந்தப் பேச்சையே எடுக்கமாட்டேன். பதில் எழுத வேண்டும் என்று இல்லை."

இந்த மடலில் சொல் மழுப்பப்படாமல் அப்படியே குறிப்பிடப்படுவதையும், அந்த வருடங்களைப் பற்றிய கேள்விக்குக் கேட்காமலேயே விடை தரப்படுவதையும் கவனியுங்கள். உடனிருந்தவர்களிடம் திருத்திச் சொல்வதற்கு அனுமதி கேட்கப்படுவதும் முக்கியம். நல்லெண்ணத்தோடு செய்யப்படும் பொதுத் திருத்தம்கூட, மறந்துபோனவர்களுக்கு நினைவூட்டிவிடும். அவர் சரியென்றால் அவர்களிடம் "நான் அன்று சொன்னது தவறு" என்று மட்டும் சொல்லுங்கள். ஏன் தவறு என்று விளக்கப் புகுந்தால், அவர் வீட்டுக் கதையை மீதியும் சொல்லிவிடும் ஆபத்து இருக்கிறது.

அனுப்பியபின்

ஒருமுறை அனுப்பியபின் காத்திருங்கள். பொது நண்பர்களைத் தூது விடாதீர்கள். உங்கள் தரப்பை அவர்களிடம் விளக்கிக்கொண்டிருந்தால், அது எப்படியும் அவர் காதுக்கு வேறு உருவத்தில் போய்ச் சேரும். நெடுநாள் பதில் வராவிட்டால் இன்னும் ஒருமுறை, சுருக்கமாக எழுதலாம். மூன்றாவது முறை எழுதுவது தொல்லை. அவர் எல்லா வழிகளையும் அடைத்துவிட்டிருந்தால் அதையே பதிலாக ஏற்க வேண்டும். நட்பு திரும்பாவிட்டாலும் அவர் உங்களிடம் நம்பிச் சொன்ன மற்ற செய்திகள் இன்னும் உங்களிடம் இருக்கின்றன. அவற்றை இனியும் காப்பது உங்கள் கடமை.

பேசத் தொடங்கிவிட்டால், முதல் சில சந்திப்புகளில் பழைய நெருக்கத்தை எதிர்பார்க்க வேண்டாம். நண்பர் அளந்து பேசுவார். தன்னைப் பற்றி எதையும் சொல்லமாட்டார். அது தண்டனை என்று எண்ணாதீர்கள். உங்களிடம் எதைத் தந்தால் பத்திரமாக இருக்கும் என்று அவர் மீண்டும் சிறிது சிறிதாகச் சோதித்துப்பார்க்கிறார். அந்தச் சொல்லைப் பற்றி அவராகப் பேசினால் எத்தனை முறையானாலும் கேளுங்கள். நீங்களாக அதை எடுக்க வேண்டாம். அதை வைத்து இருவரும் சிரிக்கும் நாள் வரலாம். முதலில் சிரிக்கும் உரிமை அவருடையது.

பல வருடங்கள் கடந்துவிட்டிருந்தால்

லாரா ஆக்னினும் ஜிலியன் சாண்ட்ஸ்ட்ராமும் 2024இல் வெளியிட்ட ஆய்வுகளில், பழைய நண்பர் ஒருவருக்குச் செய்தி எழுத நேரமும் வாய்ப்பும் தரப்பட்டபோதும், அவர் மகிழ்வார் என்று நம்பியபோதும்கூட, அனுப்பியவர்கள் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டவில்லை. இப்போது பழகிவரும் நண்பர்களுக்கு முதலில் சில நிமிடங்கள் செய்தி அனுப்பிப் பழகியவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பழைய நண்பருக்கும் அனுப்பினார்கள். எளிய உத்திதான், செய்துபார்க்கலாம். ஆனால் அந்த ஆய்வுகள் பொதுவாகத் தொடர்பு விட்டுப்போன நண்பர்களைப் பற்றியவை; உங்கள் நண்பர் விட்டுப்போனவர் அல்லர், விலகிச் சென்றவர். எனவே "எப்படி இருக்கிறாய், எவ்வளவு நாளாயிற்று" என்று ஒன்றும் நடவாததுபோல் தொடங்காதீர்கள். இருபது வருடம் கழித்து எழுதினாலும் அந்தச் சொல்லைப் பற்றிய பேச்சு முதல் சில வரிகளுக்குள் வந்துவிட வேண்டும்.

சொல் உங்கள்மீது விழுந்திருந்தால்

உடனே முடிவெடுக்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. "இப்போது பேச முடியாது, முடியும்போது நானே சொல்கிறேன்" என்று ஒரு வரி அனுப்பிவைத்தால், விலகுவதற்கும் திரும்புவதற்கும் உங்களுக்கு இடமிருக்கும். அந்தச் சொல் ஒரே முறை வந்ததா, வேறு வேறு உடையில் முன்பும் வந்திருக்கிறதா என்று பாருங்கள். பலமுறை வந்திருந்தால், பழைய நாட்கள்மீது உங்களுக்கு எழும் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது, விலகுவதில் தவறில்லை. ஒரே முறைதான் என்றால், அந்தச் சொல்லை வைத்துப் பழைய வருடங்களை எடைபோடுவதற்கு முன்னால், அந்த வருடங்களை வைத்து அந்தச் சொல்லையும் ஒருமுறை எடைபோட்டுப் பார்க்கலாம். அவர் மன்னிப்புக் கேட்டு வரும்போது உங்களை அரிக்கும் கேள்வியை நேராகக் கேட்டுவிடுங்கள். "பரவாயில்லை, விடு" என்று சொல்லிவிட்டு உள்ளே வைத்துக்கொள்வதால் நட்பு பெயரளவில் நீளுமே தவிர, மீளாது. மன்னித்த பிறகும் நெருங்காமலிருக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. அதற்காகக் குற்றவுணர்வு கொள்ள வேண்டாம்.

பிள்ளைகளுக்கிடையே நடந்தால்

"அவன் ஒரு வார்த்தை சொன்னதற்கா அழுகிறாய்?" என்று பெற்றோர் கேட்பது இரண்டாவது அடியாக விழும். எந்தச் சொல், யார் யார் இருந்தார்கள், அந்தச் செய்தி அவனுக்கு எப்படித் தெரியும் என்று பொறுமையாகக் கேளுங்கள். கடைசிக் கேள்விக்கான விடையில், உங்கள் வீட்டில் நடப்பதைப் பற்றிப் பிள்ளை இதுவரை உங்களிடம் சொல்லாத கவலை ஏதேனும் வெளிவரலாம். அப்படி வந்தால் நட்பைப் பற்றிய பேச்சை நிறுத்திவிட்டு அதைக் கவனியுங்கள்.

சொன்னது உங்கள் பிள்ளை என்றால், கையைப் பிடித்து இழுத்துப்போய் "சாரி சொல்" என்று நிறுத்துவதால் பயனில்லை. அந்தச் சொல்லைக் கேட்டபோது நண்பனுக்கு என்னவெல்லாம் தோன்றியிருக்கும் என்று பிள்ளையே தன் வாயால் சொல்லும்வரை பேசுங்கள். அதற்கு இரண்டு மூன்று நாள் ஆனாலும் ஆகட்டும். அந்தச் சொல்லைப் பிள்ளை உங்கள் வாயிலிருந்தே எடுத்திருக்கக்கூடும் என்பதையும் எண்ணிப்பாருங்கள். அண்டை அயலாரைப் பற்றிப் பெரியவர்கள் வீட்டுக்குள் பேசிக்கொள்வது, ஏதோ ஒரு சண்டையில் பிள்ளையின் வாய்வழியாக அப்படியே வெளியே போகிறது. அவ்வாறு நேர்ந்திருந்தால், மற்ற வீட்டுக்குப் போய் முதலில் பேச வேண்டியவர் நீங்கள்.